அரை வீசை கொண்டைக்கடலையும் பகானில் ஒரு நாளும்

போன வாரம்தான் முன்னறைச் சுவரில் ஆறு படங்களை மாட்டி முடித்தேன். ஆறும் பர்மாவின் (இன்றைய மியான்மர்) பழைய கோயில் நகரமான பகானில் ஒரே நாளில் எடுத்தவை, 2019 டிசம்பர் முதல் வாரத்தில். அன்று மொத்தம் 612 முறை ஷட்டரை அழுத்தியிருக்கிறேன். அதில் 214 சூரிய உதயத்துக்கு மட்டும் போனது. அந்த 214-லிருந்து சுவருக்கு வந்தது ஒன்றுகூட இல்லை. அது ஏன், மீதி எப்படித் தேறியது என்பதை எழுதி வைக்கிறேன். அடுத்த பயணத்துக்கு எனக்கே உதவும்.

விலைகள் எல்லாம் அன்றையவை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த நாட்டில் எல்லாமே மாறிவிட்டது. இதை வைத்து யாரும் பயணத் திட்டம் போட வேண்டாம். நான் போனபோது ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 21 சாட் கிடைத்தது.

முதலில் பை.

விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. என் நிக்கான் டி7200 காமிரா, 18-140 ஜூம் லென்ஸ், 35 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ், இரண்டு பேட்டரி, சார்ஜர், துணிமணி என்று வைத்ததும் டிரைபாடுக்கு இடமில்லை. இடம் இருந்தாலும், கோயிலுக்குள் அதை விரித்தால் கும்பிட வருகிறவர்கள் காலில் இடறும். அதனால் ஒரு பருப்பு மூட்டை செய்தேன். காமிராவை அதன்மேல் அழுத்தி வைத்தால் மூட்டை லென்ஸின் வடிவத்துக்கு வளைந்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் சங்கதி. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி 28 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலத்தில் அம்மா தைத்துக் கொடுத்தாள். ஜிப் 15 ரூபாய். காலியாக மடித்து எடுத்துப் போய் அங்கே நிரப்பிக்கொள்வதாக ஏற்பாடு.

"ஒத்தத் தையல் போதுமாடா? பிரிஞ்சிரும்," என்றாள் அம்மா.

"போதும்மா, உள்ள பருப்புதான போடப் போறேன்," என்றேன்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கியது பகானை ஒட்டிய ஞாங்-ஊ ஊரில். முதல் நாள் இரவு போய்ச் சேர்ந்தபோது சந்தை மூடிவிட்டது, பருப்பு கிடைக்கவில்லை. அப்போது பகானில் வெளிநாட்டவருக்குப் பெட்ரோல் பைக் வாடகைக்குத் தரவில்லை; மின்சார ஸ்கூட்டர்தான். ஒரு நாளுக்கு 8,000 சாட். தொல்லியல் பகுதிக்கான நுழைவுச் சீட்டு 25,000 சாட், மூன்று நாளுக்குச் செல்லுபடியானது. சீட்டைப் பார்த்ததும் மூன்று நாளும் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. லீவு இல்லை.

காலை 5.15-க்குக் கிளம்பினேன். நல்ல குளிர். பழைய பகான் பக்கம் ஒரு சின்னக் கோயில், அதன் மேல்மாடத்தில் ஏறினால் சமவெளி முழுக்கத் தெரியும் என்று யாரோ எப்போதோ எழுதியதைக் குறித்து வைத்திருந்தேன். இருட்டில் மணல் பாதையில் ஸ்கூட்டர் இரண்டு முறை சரிந்தது. போய்ப் பார்த்தால் படிக்கட்டு வாசலில் இரும்புக் கதவு, பூட்டு. 2016 ஆகஸ்ட் 24 அன்று வந்த 6.8 அளவு நிலநடுக்கத்தில் ஏராளமான கோயில்கள் சேதமாயின. அதன்பிறகு கோயில்கள்மேல் ஏறுவதைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடச் செங்கல்மேல் தினமும் நூறு பேர் ஏறினால் என்ன ஆகும்? நியாயம்தான். நான்தான் பழைய குறிப்பை நம்பி வந்துவிட்டேன். அதற்குப் பதிலாக மண்ணைக் கொட்டிப் பார்வை மேடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றைத் தேடிச் சேர்ந்தபோது மணி 6.10. முன்வரிசை முழுக்க ஆட்கள், போன்கள், உண்மையான டிரைபாடுகள்.

இரண்டாம் வரிசையில் ஒரு கல் கிடைத்தது. காமிராவை ஊன்ற மூட்டை வேண்டுமே, பருப்பு இல்லையே. மேட்டின் அடியில் மணல் கிடந்தது. கையால் அள்ளிப் பையை முக்கால்வாசி நிரப்பி ஜிப்பை இழுத்தேன். பருப்பைவிட மணல் நன்றாகவே உட்கார்ந்தது. அந்த ஐந்து நிமிடம் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

6.33 வாக்கில் சூரியன் வந்தது. பனிப்புகை தரையோடு படுத்திருக்க, அதற்குமேல் கோபுர நுனிகள் மட்டும் தெரிந்தன. சற்று நேரத்தில் ஆள் ஏறிப் பறக்கும் பலூன்களும் எழும்பின. கண்ணுக்கு அப்படி ஒரு காட்சி, அதில் சந்தேகமே இல்லை. காமிராவுக்குள் நடந்தது வேறு.

இருட்டில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை, 3200-க்கு ஏற்றி வைத்தவன், வெளிச்சம் வந்த பிறகும் இறக்க மறந்தேன். 7.20 வரைக்கும் எடுத்த அத்தனை படத்திலும் வானம் ரவை தூவிய மாதிரி இருக்கிறது. 140 எம்.எம்.-ல் பனிப்புகைக்குள் ஆட்டோ ஃபோகஸ் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடியது. மேனுவலுக்கு மாற்றித் தொலைவை ஒரே தடவை பூட்டியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. பலூனும் கோயிலும் சேர்ந்து கூர்மையாக வர வேண்டும் என்று லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 16 வைத்தேன். சென்சாரில் இருந்த தூசு ஒவ்வொன்றும் வானத்தில் கறுப்புப் புள்ளியாக வந்தது. ஒரே படத்தில் பதினேழு எண்ணினேன்.

இதெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தபோது தெரிந்தவை. அங்கேயே தெரிந்தது வேறொன்று. ஜூம் வளையத்தைத் திருப்பினேன், 'கரகர' என்றது. பையைத் தூக்கிப் பார்த்தால் மூலையில் தையல் பிரிந்து மணல் ஒழுகிக்கொண்டிருந்தது. லென்ஸை அதன்மேல் அழுத்தி அழுத்தி ஜூம் வளையத்தின் இடுக்குக்குள் நானே மணலை ஊட்டியிருக்கிறேன். ஒத்தத் தையல்.

பையை அங்கேயே கொட்டினேன். ஊதுகுழலால் லென்ஸைச் சுற்றி ஊதி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டினேன். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். நேராகப் பிடித்து ஊதினால் மணல் இன்னும் உள்ளே போகும். முதலில் அதையும் தப்பாகத்தான் செய்தேன். கரகரப்பு பாதி குறைந்தது. சரி, இன்றைக்கு ஜூம் இல்லை, 35 எம்.எம். ஒன்றை வைத்து ஓட்டுவோம், 18-140-ஐ அவசியமானால் 18-லேயே வைத்து எடுப்போம் என்று முடிவு செய்துகொண்டு ஞாங்-ஊ சந்தைக்குத் திரும்பினேன். அன்றைய நல்ல முடிவு அது ஒன்றுதான். அதையும் மணல்தான் எடுக்க வைத்தது.

சந்தையில் முதல் வேலை வயிற்றுக்கு. மொஹிங்கா ஒரு கிண்ணம் 1,000 சாட். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ். சென்னையில் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வைத்திருக்கும் கடைகளில் அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிட்டவர்களுக்கு வாசனை தெரியும். வாழைத்தண்டு வரைக்கும் அதேதான்.

அப்புறம் பருப்புக் கடை. சாக்குகளை வாய் சுருட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார் ஒரு அம்மா. கன்னத்தில் வட்டமாகத் தனாகா பூச்சு. அந்த மரத்தின் பட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு, நாம் சந்தனம் இழைக்கிற மாதிரியே இழைத்துப் பூசுகிறார்கள். நான் கொண்டைக்கடலையைக் காட்டினேன். அவர் விரலை ஆட்டி எவ்வளவு என்று கேட்டார். அங்கே கிலோ கணக்கு இல்லை, பெய்த்தா கணக்கு. ஒரு பெய்த்தா 1.63 கிலோ. ஆங்கிலேயர்கள் இதைத்தான் 'விஸ்' என்று எழுதினார்கள். அது நம் வீசை என்ற சொல்லிலிருந்து போனது. பாட்டி வாயில் கேட்டுப் பழகிய வீசை, நான் பிறப்பதற்கு முன்பே நம் ஊர்க் கடைகளிலிருந்து போய்விட்டது. இங்கே தராசுத் தட்டில் படிக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. அரை வீசை வாங்கினேன். 816 கிராம், 1,200 சாட். காமிராவும் பெரிய லென்ஸும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. அதைத் தாங்க இந்த எடை சரியாக இருந்தது. பையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்ப வேண்டும். முழுக்க அடைத்தால் கல் மாதிரி ஆகிவிடும், காமிரா உருளும்.

பையைத் தைக்க வேண்டுமே. சந்தையின் ஓரத்தில் பர்மியக் கைலியான லோஞ்சித் துணிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டு ஒரு பெரியவர் கால் மிஷினில் இருந்தார். பிரிந்த மூலையைக் காட்டினேன். பையை உள்வெளியாகத் திருப்பி, விரலால் தையலைத் தடவி, என்னை ஒரு பார்வை பார்த்தார். அம்மா பார்த்த அதே பார்வை. நான்கு பக்கமும் இரட்டைத் தையல் போட்டார், மூலைகளில் மூன்றாவது முறையும் ஓட்டினார். 500 சாட் கேட்டார். கடலையை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வைத்தேன். இந்தக் கவர் முக்கியம்; இல்லாவிட்டால் கடலைத் தூசும் காமிராவுக்குத்தான் வரும்.

அவர் தைத்துக்கொண்டிருந்தபோதே "யமலா?" என்று கேட்டுக் காமிராவைக் காட்டினேன். படம் எடுக்கலாமா என்பதற்கு அந்த ஒரு வார்த்தையும் சைகையும் போதும். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தகரக் கூரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே வந்த வெளிச்சம் அவர் கையிலும் ஊசியிலும் விழுந்தது. 35 எம்.எம்., எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 400, 1/125 நொடி. சுவரில் இருக்கும் முதல் படம் இதுதான். என் பையைத் தைக்கும் படம்.

சந்தையில் 96 எடுத்தேன். பாதிக்குமேல் வீணானதற்குக் காரணம் தனாகா. முகத்தை வைத்து வெளிச்சம் அளந்தால், பூச்சு மட்டும் வெள்ளைத் திட்டாக வெந்துபோகிறது. வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்த பிறகுதான் அந்த வெளிர் மஞ்சளும் அதிலிருந்த விரல் கோடுகளும் தெரிந்தன. பருப்புக் கடை அம்மாவின் படம் அதற்கு முன்னால் எடுத்தது. அது போச்சு.

அடுத்து சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஷ்வேசிகோன். பகான் மன்னன் அனவ்ரதா தொடங்கி, பின்னால் வந்த மன்னன் கியான்சித்தா முடித்த பொன் ஸ்தூபி. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், சாக்ஸும் கூடாது. நான் லேஸ் கட்டிய ஷூ. அன்று முழுக்க அதைக் கட்டி அவிழ்த்தே நேரம் போனது. ரப்பர் செருப்பு போதும் என்பதை எழுதி வைத்துக்கொண்டேன்.

பொன்னைப் படம் எடுப்பது எளிது என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், ஃபிரேம் முழுக்க மஞ்சளைக் கண்டதும் 'தப்பு நடந்துவிட்டது' என்று முடிவு கட்டி நீலத்தைக் கலக்கிறது, தங்கம் பித்தளையாகிவிடுகிறது. அதனால் ஒயிட் பேலன்ஸை 5,300 கெல்வினில் பூட்டி வைத்தேன். ரா ஃபைலாக (காமிரா திருத்தாத மூலப் படமாக) எடுத்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்தான். ஆனால் திரையில் பித்தளையைப் பார்த்துக்கொண்டே எடுக்கும்போது கை சோர்ந்துவிடுகிறது.

ஸ்தூபியின் முன் தரையில் ஒரு சின்னக் குழி, அதில் தண்ணீர். ராஜா தலையை அண்ணாந்து பார்த்தால் கிரீடம் விழுந்துவிடும் என்பதற்காக, குனிந்தபடியே உச்சியைப் பார்க்க இதை வெட்டினார்கள் என்று சொல்கிறார்கள். மண்டியிட்டுப் பார்த்தால் கோபுர நுனி தண்ணீரில் தலைகீழாக நிற்கிறது. மூட்டையின் முதல் உண்மையான வேலை இங்கேதான். பளிங்குத் தரையில் மூட்டையை வைத்து, அதில் காமிராவை ஏறக்குறைய தரையைத் தொடும்படி படுக்க வைத்து, லைவ் வ்யூ திரையைப் பார்த்து எடுத்தேன். டி7200-க்குத் திரை மடங்காது. அதனால் நானும் தரையில் குப்புறப் படுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பாட்டி தன் பாயைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். ஃபோகஸை விளிம்புக் கல்லில் வைத்து பத்து எடுத்தேன், பத்தும் வீண். தண்ணீருக்குள் தெரியும் கோபுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொலைவில்தான் ஃபோகஸ் இருக்க வேண்டும். புரிந்து, தொலைவுக்கு மாற்றியதும் கிடைத்தது.

ஆனந்தா கோயிலுக்குப் போனபோது மணி 10.20. நான் நின்று நிதானமாக வேலை செய்த இடம் இது. வழக்கமாகச் சொல்லும் கணக்கின்படி 1105-இல் கியான்சித்தா கட்டி முடித்தது. உள்ளே நான்கு திசைக்கும் ஒன்றாக நான்கு நிற்கும் புத்தர்கள், ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர். மேலே சுவரில் விட்ட திறப்புகள் வழியே வெளிச்சம் நேராக முகத்தில் இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஃபிளாஷ் அடித்தால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும்.

தெற்கே இருப்பவர் காசியப புத்தர். காலடியில் நின்று அண்ணாந்தால் முகம் கடுத்திருக்கிறது. தள்ளிப் போகப் போக உதட்டில் சிரிப்பு விரிகிறது. இதைப் படத்தில் கொண்டுவர முடியுமா என்பதுதான் நான் வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்த சோதனை. முதலில் கையில் பிடித்து முயன்றேன். ஐ.எஸ்.ஓ. 6400, 1/30 நொடி. பொன் முகம் முழுக்க அதே ரவை. பிறகு மூட்டை. காலடியில் தரையில் மூட்டையை வைத்து, லென்ஸை மேல்நோக்கிச் சாய்த்து 18 எம்.எம்.-ல் ஒன்று. பிறகு வாசலை நோக்கி என் காலடியால் இருபத்திரண்டு அடி பின்னால் போய், ஒரு தூணின் அடிப்பீடத்தில் மூட்டையை வைத்து 35 எம்.எம்.-ல் இன்னொன்று. இரண்டாவதுக்கு ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, கால் நொடி. காமிராவுக்குள் கண்ணாடி அடிக்கும் அதிர்வு தணிந்த பிறகு படம் பதிய, எக்ஸ்போஷர் டிலேயை 2 நொடிக்கு வைத்தேன்.

மூட்டை எவ்வளவு தாங்கும் என்று அங்கேயே பத்துப் பத்தாக எடுத்துப் பார்த்தேன். 1/15 நொடியில் பத்துக்கு ஒன்பது கூர்மை. கால் நொடியில் ஏழு. ஒரு நொடியில் நான்கு. டிரைபாட் வைத்தால் பத்துக்குப் பத்து வரும், உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் என்னைச் சுற்றிப் பூவும் பொன் தகடும் கொண்டு வந்தவர்கள் ஒருவரும் என்னால் நிற்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்பாராத உதவி ஒன்றும் கிடைத்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு வாசல் வழியே வெயில் தரையில் விழுந்து, அங்கிருந்து எகிறிப் புத்தரின் கீழ்ப்பாதியில் படிந்தது. பத்தரை மணிக்குப் போனதால் கிடைத்தது. திட்டம் போட்டுப் போகவில்லை.

சுவரில் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இரண்டு வேறு சிலைகள் என்றே நினைக்கிறார்கள்.

மத்தியானம் மின்கபா. அரக்கு வேலைக்காரர்களின் ஊர். நம் ஊருக்கும் இந்தச் சின்ன ஊருக்கும் ஒரு பழைய ஒட்டு உண்டு: இங்கே கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பகானைப் 'புக்கம்' என்கிறது. மகோதயர்பட்டினத்தை (இன்றைய கேரளத்தின் கொடுங்கல்லூர்) சேர்ந்த ஒருவர் இங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது.

பட்டறையில் மூங்கில் சிம்பைச் சுற்றிக் கிண்ணமாக்குகிறார்கள். மெல்லிய கிண்ணத்துக்குக் குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுகிறார்கள். அதன்மேல் மரப்பாலைப் பூசி, நிலத்தடி அறையில் உலர வைத்து, திரும்பப் பூசி, திரும்ப உலர வைத்து, ஒரு கிண்ணம் முடிய மாதக் கணக்காகும். விளிம்பை இரண்டு விரலால் அழுத்தினால் எதிர்ப் பக்கத்தைத் தொட்டுவிட்டு மறுபடி விரிகிறது. உள்ளே ஒரே இருட்டு. ஆனால் சித்திரம் கீறுகிறவர்கள் மட்டும் ஜன்னலை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம்தானே எனக்கும் வேண்டியது. ஜன்னல் கட்டையில் மூட்டை, ஒரு இளம்பெண்ணின் கை, எழுத்தாணி மாதிரி ஒரு கூர்முனை. எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 800, 1/60. கீறும்போது அவள் கருவியை நகர்த்துவதில்லை, கிண்ணத்தைத்தான் திருப்புகிறாள். அதனால் கை அசையாது. அது புரிய நாற்பது படம் ஆனது.

மாலையில் ஸ்கூட்டர் பேட்டரி தொங்கிவிட்டது. தம்மயாங்கி கோயிலைத் தாண்டி மண் பாதையில் நின்றேவிட்டது. அந்தக் கோயில் பகானிலேயே பெரிய கட்டிடம், சிவப்பு மலை மாதிரி நிற்கும். கடைக்குப் போன் செய்தால் மாற்று வண்டி கொண்டு வருகிறோம், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மாலை மேட்டுக்குப் போகும் திட்டம் அதோடு முடிந்தது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிவாக்கில் ஒரு பையன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். புழுதி எழும்பி, பின்னாலிருந்து வந்த வெயிலில் அப்படியே நின்றது. ஸ்கூட்டர் சீட்டில் மூட்டையைப் போட்டு எடுத்தேன். காலையில் பட்ட புத்தியில் ஐ.எஸ்.ஓ.வை முதலில் பார்த்தேன்: 100. ஆறாவது படம்.

அச்சுப் போட்டதில் ஒரு சறுக்கல். 12-க்கு 18 அங்குலம், மேட் தாள், ஒன்று 180 ரூபாய். முதல் தடவை ஆறும் இருட்டாக வந்தன. லேப்மேல் தப்பில்லை, என் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தியிருந்தேன். திரையைப் பாதிக்கு இறக்கி மறுபடி திருத்தி, மறுபடி 1,080 ரூபாய். சட்டம் ஒன்றுக்கு 650.

அடுத்த முறை போனால் விடியற்காலைக்கு ஐந்து படம், அதற்குமேல் இல்லை. மீதி நேரம் காமிராவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். பையில் ஒரு ஓரத்துக்குப் பட்டை தைத்துக் கழுத்தில் மாட்டும்படி செய்வேன். அன்று இரண்டு இடத்தில் மூட்டையை மறந்துவிட்டு ஓடி வந்து எடுத்தேன். சாயங்காலம் எடுக்கும் ஸ்கூட்டர், மத்தியானமே மாற்றிய ஸ்கூட்டராக இருக்கும். ஜூம் லென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு 35-ஓடு ஒரு அகல லென்ஸ் மட்டும்.

கடலையை இரவு விடுதி அம்மாவிடம் கொடுத்தேன். கவரைப் பிரித்து ஒரு கடலையைக் கடித்துப் பார்த்து, பழசில்லை என்று திருப்திப்பட்டு உள்ளே எடுத்துப் போனார். மறுநாள் காலை வெங்காயம் வதக்கிப் போட்டு ரொட்டியோடு வந்தது.

லென்ஸை ஊருக்கு வந்து பழுது பார்க்கக் கொடுத்தேன். முழுக்கக் கழற்ற 3,800 ரூபாய் கேட்டார்கள். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். இப்போதும் 50-லிருந்து 70-க்குத் திருப்பும்போது கரகர என்கிறது. அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் திருப்புவதில்லை.